தெருவிளக்கு எட்டாத படிப்பாதைக்கு ஒளிரும் பெயின்ட்: முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைக் கிராமத்தில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேல் வீடுகளுக்கு ஏறும் 72 படிகளுக்கு இருளில் ஒளிரும் பெயின்ட் அடித்தோம். இரண்டு தடவை அடித்தோம் என்று சொல்வதுதான் சரி. முதல் தடவை அடித்தது ஒரே மழைக்காலத்தில் போய்விட்டது. அப்புறம் வேறு சில ஊர்களில் இளைஞர்கள் இதே வேலையைச் செய்தபோது கூட நின்றேன். நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்கினார்கள். அதனால் வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன். வரிசையை மாற்றினால் செலவு இரட்டிப்பாகும்.

1. "ரேடியம்" என்று கேட்டு வாங்காதீர்கள்

கடையில் "ராத்திரி மின்னுற ரேடியம் பெயின்ட்" என்று கேட்டால் மூன்று வேறு சரக்குகளில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். லாரிக்குப் பின்னால் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர், ஹெட்லைட் பட்டால்தான் மின்னும். சாலைக் கோட்டில் தூவும் கண்ணாடி மணியும் அந்த வகைதான். நடந்து வருகிறவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஃப்ளோரசன்ட் பெயின்ட் பகலில் கண்ணைப் பறிக்கும், இருட்டியதும் செத்துவிடும்.

நமக்கு வேண்டியது, பகல் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் மெல்ல மெல்ல விடும் பெயின்ட். அதில் இருப்பது யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் துளியளவு சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் தூள். ரேடியமோ கதிரியக்கமோ இதில் கிடையாது. பழைய கைக்கடிகார முள்ளில் பூசிய சரக்கின் பெயர் நம் ஊரில் மின்னுகிற எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மலிவாகக் கிடைக்கும் இன்னொரு தூள், செம்பு சேர்த்த துத்தநாக சல்பைடு. அது ஒரு மணி நேரத்துக்குள் மங்கிவிடும். விலையைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள்.

2. இது எவ்வளவு ஒளிரும் என்பதை ஊருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டி ஓடியதால்தான் எங்களுக்குக் கெட்ட பெயர் வந்தது. ஊர்க்கூட்டத்தில் "இனி லைட்டே வேண்டாம்" என்று யாரோ உற்சாகத்தில் சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம்.

கணக்கு இதுதான். ஒளிரும் பொருட்களைத் தரம் பிரிக்கும் ஜெர்மன் தரநிலையான டிஐஎன் 67510-இல் 'சி' வகுப்பு என்றால், வெளிச்சத்தை அணைத்த 10-ஆவது நிமிடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 140 மில்லிகேண்டெலா (பரப்பின் பிரகாசத்தை அளக்கும் அலகு), 60-ஆவது நிமிடத்தில் 20. அதற்கு மேல், நேரம் இரட்டிப்பானால் ஒளி ஏறக்குறையப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். நாலு மணி நேரத்தில் 5. பால் ஊற்றப் போகிறவர்கள் இறங்கும் விடியற்காலையில் 2. சுமாரான தெருவிளக்கின் கீழ் சாலைப் பரப்பு 500-க்கு மேல் இருக்கும்.

இருட்டுக்குப் பழகிய கண் 0.3 மில்லிகேண்டெலாவையும் பார்த்துவிடும். அதனால்தான் டப்பாவில் "இரவு முழுவதும் ஒளிரும்" என்று போட முடிகிறது. அது பொய்யில்லை. ஆனால் கோடு தெரியும் என்பதுதான் அதன் அர்த்தம். கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது. படியில் கரடி நின்றால், நாலைந்து கோடுகள் காணாமல் போயிருப்பது மட்டும் தெரியும். ஆகவே, பெயின்ட் அடித்த பிறகும் டார்ச் கையில் இருக்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

டார்ச்சும் பெயின்ட்டும் ஒன்றுக்கொன்று எதிரியும் இல்லை. வெள்ளை எல்இடி டார்ச்சில் நீல ஒளி உண்டு. அது பட்டால் கோடு மறுபடி கொஞ்சம் ஏறிக்கொள்ளும். பழைய மஞ்சள் சோடியம் விளக்கில் அநேகமாக ஏறாது.

3. இடத்தை ராத்திரி 9 மணிக்குப் போய்த் தேர்ந்தெடுங்கள்

பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ராத்திரி போய், டார்ச்சை அணைத்து, இருபது நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். அதன் பிறகு உங்கள் கைவிரல்களை எண்ண முடிகிற அளவுக்கு எங்கிருந்தாவது வெளிச்சம் வந்தால், அந்த இடத்தில் ஒளிரும் பெயின்ட் தோற்றுவிடும். பக்கத்து வீட்டு வாசல் பல்பு ஒன்றே போதும், அதைத் தோற்கடிக்க.

அடுத்தது பகல் வெளிச்சம். மேகமூட்டம் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள், தேவையில்லை. மூடிய வானத்தின் கீழும் இந்தத் தூள் அரைமணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். மூடுபனியும் பரவாயில்லை. சிக்கல் மர நிழல்தான். சைப்ரஸ் தோப்புக்குள் போகும் பாதை, உண்ணிச்செடி குடையாகக் கவிந்த பாதை, இரண்டு தடுப்புச் சுவர்களுக்கு நடுவே இடுக்கில் ஓடும் பாதை: இங்கெல்லாம் மாலை 4 மணிக்கே இருட்டு. அந்திக்கு முன் கிடைக்கும் கடைசி வெளிச்சம்தான் இரவின் ஆரம்ப ஒளியைத் தீர்மானிக்கும். செடியை வெட்ட முடிந்தால் வெட்டுங்கள். முடியாவிட்டால் அந்தத் துண்டுக்கு வேறு வழி பாருங்கள்.

தளம் கருங்கல்லோ கான்கிரீட்டோ ஆக இருக்க வேண்டும். மண்படியில் எதுவும் நிற்காது. தாரின் மேல் நேராகத் தின்னர் உள்ள பெயின்ட் அடித்தால் தார் கரைந்து மேலே வந்து எல்லாம் பழுப்பாகிவிடும்.

4. அனுமதி, அப்புறம் சாலையை மறந்துவிடுங்கள்

படிப்பாதை ஊராட்சி அல்லது பேரூராட்சியின் கணக்கில் இருக்கும். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடுவே என்றால் நிர்வாகத்தின் இடம். காட்டை ஒட்டி என்றால் வனத்துறை. எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சரி என்றவர் மாறுதலாகிப் போய்விட்டால், வந்தவருக்கு நீங்கள் அரசுச் சொத்தில் பச்சைக் கோடு போட்டவர்.

வண்டி ஓடும் சாலையில் கை வைக்காதீர்கள். சாலைக் குறியீட்டுக்கு ஐஆர்சி 35 என்ற விதிமுறை இருக்கிறது, அது நம் வேலை இல்லை. அனுமதி கிடைத்தாலும் கட்டாது. மலேசியாவில் 2023-இல் செமினியே பகுதியில் 245 மீட்டர் சாலைக்கு அடித்துப் பார்த்தார்கள். சாதாரணக் கோட்டுப் பெயின்ட் சதுர மீட்டருக்கு 40 ரிங்கிட் ஆகும் இடத்தில் இது 749 ரிங்கிட் ஆனது. அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். நெதர்லாந்தில் ஓஸ் நகர் அருகே 2014-இல் 500 மீட்டருக்கு அடித்தது, சில வாரங்களிலேயே ஈரத்தால் சிக்கலுக்கு உள்ளானது. பணமும் பொறியாளர்களும் இருந்த இடங்களின் கதை இது. டயர் ஏறாத, குறைந்த பரப்பில் அதிகப் பலன் தரும் இடம் என்றால் அது படிதான்.

5. மாதம் தவறினால் எல்லாம் தவறும்

நாங்கள் முதல் தடவை அடித்தது நவம்பர் தொடக்கத்தில், இரண்டு நாள் வெயிலை நம்பி. கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் சிரிக்கலாம்.

நீலகிரியின் கிழக்குச் சரிவுக்குப் பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் முடிய நல்ல காலம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை பிரதானம் என்றாலும் அதே காலம் அங்கும் பொருந்தும். கொடைக்கானலுக்கும் அப்படியே. டிசம்பர், ஜனவரியில் மழை இல்லாவிட்டாலும் உறைபனி இருக்கும், கல் சில்லென்று ஈரம் கோத்துக்கொண்டிருக்கும். ஏப்ரல் பிற்பகுதியில் கோடை மழை எந்த மதியமும் இறங்கும்.

நாளுக்குள்ளும் நேரம் உண்டு. பனி நன்றாகக் காய்ந்தபின் 10.30 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு டப்பாவை மூடிவிடுங்கள். படியின் மேற்பரப்பு, காற்றின் பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலையில் பொது விதி. ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 85 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கு வேலை கிடையாது, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

டப்பாவில் போட்டிருக்கும் உலரும் நேரம் சமவெளி வெயிலுக்கு எழுதியது. நம் 15 டிகிரியில் அதை இரண்டாகப் பெருக்குங்கள்.

6. தூளை வாங்குவதற்கு முன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டுக்குத் தண்ணீர்தான் எமன். மேலுறை இல்லாத தூளில் ஈரம் பட்டால் அது வேதிமாற்றம் அடைந்து, ஒளிர்வதை நிறுத்திவிடும். அதனால் நீர் தாங்கும் மேலுறை பூசிய ரகம்தான் வேண்டும். எல்லா விற்பனையாளரும் "வாட்டர்ப்ரூஃப்" என்றே சொல்வார்கள். 50 கிராம் மாதிரி வாங்கி நீங்களே பாருங்கள்.

ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு ஸ்பூன் தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் வையுங்கள். இன்னொரு டம்ளரில் உலர்ந்த தூளை வையுங்கள். இரண்டையும் வெயிலில் காட்டி இருட்டறைக்குக் கொண்டுபோனால் வித்தியாசம் தெரியும். மோசமான ரகம் அடியில் கட்டிபிடித்து மங்கியிருக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டால், ஆரத்திக்குச் சுண்ணாம்பு கரைத்த மாதிரி சிவக்கும். தூள் சிதைந்து தண்ணீர் காரமாகிவிட்டது என்று பொருள். எங்கள் முதல் சரக்கு இப்படித்தான் சிவந்தது; என்ன, மழைக்குப் பிறகுதான் இதைச் செய்து பார்த்தோம்.

நிறத்தில் பச்சை அல்லது நீலப்பச்சை இரண்டில் ஒன்று. பச்சையின் ஒளி உச்சம் சுமார் 520 நானோமீட்டர், நீலப்பச்சை 490. இருட்டில் நம் கண்ணின் கூர்மை 507 நானோமீட்டர் பக்கம் இருப்பதால் இரண்டும் நன்றாகத் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் படம் பிடிக்க நன்றாயிருக்கும், பத்து மணிக்கு மேல் தேட வேண்டும்.

துகள் பருமனையும் கேளுங்கள். மாவு போல நைசான தூள் பூசச் சுலபம், ஆனால் ஒளி குறைவு. 50 முதல் 100 மைக்ரான் வரை உள்ளது படிக்குச் சரி.

7. பைண்டரும் அளவும்

தூளைப் பிடித்து வைக்கும் பசை தெளிவாக இருக்க வேண்டும். அதற்குள் வெள்ளையோ வேறு நிறமோ கலந்தால் வெளிச்சம் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. "கொஞ்சம் வெள்ளை கலந்தா பகல்லயும் பளிச்னு இருக்கும் சார்" என்று ஒரு பெயின்டர் அண்ணன் அன்போடு அரை லிட்டரைக் கெடுத்திருக்கிறார்.

எபாக்ஸி வேண்டாம். மலை வெயிலில் புற ஊதா அதிகம். சில மாதத்தில் மஞ்சளாகி மாவாக உதிரும். மிதிபடும் படிக்கு இரண்டு டப்பாவாக வரும் அலிஃபாட்டிக் பாலியுரிதேன் கிளியர் (நிறமில்லாத தெளிவான பூச்சு) வாங்குங்கள். மிதிபடாத சுவருக்கு வெளிப்புற அக்ரிலிக் கிளியர் போதும். கார் கடையில் கிடைக்கும் கிளியர் கோட்டில் புற ஊதாவை விழுங்கும் மருந்து கலந்திருக்கும். அது காருக்கு நல்லது. நம் தூளோ புற ஊதாவையும் நீல ஒளியையும் சாப்பிட்டு வாழ்வது, பாதிச் சாப்பாட்டை நாமே தடுத்த மாதிரி ஆகும்.

அளவுக்கு எங்கள் கணக்கையே தருகிறேன். ஒரு படிக்கு 90 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலக் கோடு: 0.045 சதுர மீட்டர். 72 படிக்கு 3.24. திருப்பங்களில் தடுப்புச் சுவரில் 10க்கு 20 செ.மீ. அளவில் 12 பட்டைகள்: 0.24. மொத்தம் 3.48 சதுர மீட்டர். உலர்ந்தபின் 0.4 மில்லிமீட்டர் கனம் வர வேண்டும், அதில் எடையில் 40 சதவீதம் தூள் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிராம் தூள் பிடிக்கும். ஆக 870 கிராம். சிந்துவது, பிரஷ்ஷில் தங்குவது எல்லாம் சேர்த்து ஒரு கிலோ.

பைண்டரில் பாதி எடை ஆவியாகப் போய்விடும் என்றால் 1 பங்கு தூளுக்கு 3 பங்கு பைண்டர், எடையில். தூளை மிச்சப்படுத்த நினைத்துப் பத்துக்கு ஒன்று என்று கலக்கிறவர்களுக்கு முதல் அரைமணி நேரம்தான் தீபாவளி.

8. மாதிரிப் பலகை

ஒரு பழைய சிமென்ட் ஸ்லாப் துண்டில், பின்னால் சொல்லும் வெள்ளை அடிப்பூச்சையும் ஒளிரும் கலவையையும் அடித்து, பாதிக்கு மட்டும் அதைக் காக்கும் கிளியர் மேல்பூச்சு போட்டு, திறந்த வெளியில் ஒரு மாதம் விடுங்கள். நடுவில் இரண்டு நாள் வாளித் தண்ணீரில் மூழ்கவிடுங்கள். மேல்பூச்சுப் போட்ட பாதி, முதல் நாளிலேயே மங்கலாகத் தெரிந்தால் அந்த மேல்பூச்சு தவறு. ஒப்பிட, போன் கேமராவை ஒரே ஐஎஸ்ஓ, ஒரே ஷட்டர் நேரத்தில் பூட்டி, வெளிச்சத்தை அணைத்த பத்தாவது நிமிடத்தில் எடுங்கள். ஆட்டோவில் எடுத்தால் எல்லாப் படமும் பிரமாதமாகத்தான் இருக்கும்.

இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை.

9. படியைச் சுத்தம் செய்தல்

வேலையின் பாதி நேரம் இதற்குப் போகும், போகட்டும். முதலில் பாசியைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவி, வெறும் தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். கோடு வரும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். புதிய கான்கிரீட் என்றால் 28 நாள் ஆறவிட்ட பிறகுதான் தொட வேண்டும்.

ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் நம் கொத்தனார்களுக்கு உண்டு. இந்தத் தூள் அமிலத்தில் கரையும். ஆசிட் மிச்சம் கல் இடுக்கில் தங்கியிருந்தால் பின்னால் வரும் பூச்சைத் தின்னும். தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

பிறகு ஈரச் சோதனை. அரை மீட்டர் சதுரத் தெளிவான பாலித்தீன் தாளைப் படிமேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி முழுவதும் விடுங்கள். காலையில் தாளின் அடியில் வியர்த்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. மலைச்சரிவில் வெட்டிய படிக்குப் பின்னால் எப்போதும் மண் இருக்கும். மேலிருந்து ஊறும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். படிகளில் உப்பு பூப்பதற்கும் அதே தண்ணீர்தான் காரணம். பக்கவாட்டில் சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். எங்கள் 72-இல் 9 படிகள் கடைசிவரை காயவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, பக்கச் சுவரில் மட்டும் பட்டை போட்டோம். அடித்திருந்தால் கொப்புளம் கொப்புளமாக உரிந்திருக்கும்.

10. கோடு எங்கே வர வேண்டும்

முதல் தடவை படியின் நிமிர்ந்த முகப்பில் அடித்தோம். கீழே நின்று பார்த்தபோது கோயில் திருவிழா மாதிரி இருந்தது. மேல் வீட்டுப் பாட்டி ஒருத்தர் இறங்கி வந்து, "கண்ணு, ஏறும்போது தெரியுது, இறங்கும்போது ஒண்ணுமே தெரியலையே" என்றார். அவர் சொன்ன பிறகுதான் மேலே ஏறிப்போய் நின்று பார்த்தோம். இறங்கும்போதுதான் ஆள் விழுவார். இறங்குகிறவர் கண்ணுக்கு முகப்பு தெரியவே தெரியாது.

மிதிக்கும் தளத்தில், முன்விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி, 5 செ.மீ. அகலத்தில் போடுங்கள். விளிம்பிலேயே போட்டால் செருப்பு தேய்த்தே எடுத்துவிடும். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இரட்டைக் கோடு. படி முடிந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு அடி வைப்பதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்.

திருப்பங்களில் பட்டை வைக்கும்போது ஒரே வழக்கத்தைக் கடைப்பிடியுங்கள். நாங்கள் பள்ளத்துப் பக்கம் மட்டும் என்று வைத்திருக்கிறோம். ஓர் ஊரில் அழகுக்காக இரண்டு பக்கமும் வைத்தார்கள்; மூடுபனி இறங்கிய ராத்திரியில் எது சுவர், எது பள்ளம் என்று தெரியவில்லை. திறந்த சாக்கடை, உடைந்த படி இருந்தால் பெயின்டுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். ஒளிரும் கோட்டை நம்பி வருகிறவர் காலடியைப் பார்க்க மாட்டார்.

11. வெள்ளை அடிப்பூச்சு

தூள் விடும் ஒளியில் பாதி கீழ்நோக்கிப் போகும். கீழே கருங்கல் இருந்தால் அது விழுங்கிவிடும், வெள்ளை இருந்தால் திருப்பி அனுப்பும். அதனால் வெள்ளை இரண்டு கோட், கல் எங்கும் தெரியாத அளவுக்கு.

வீட்டில் மிஞ்சிய எனாமலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சிமென்டின் காரம் எண்ணெய்ப் பெயின்டைச் சோப்பாக்கிவிடும். மேலே வரும் பாலியுரிதேனின் தின்னர் பட்டால் தோல் சுருங்கி எழும்பும். மேலே போடப்போகும் அதே குடும்பத்து வெள்ளையை, சிமென்ட் பிரைமருக்கு மேல் அடியுங்கள்.

12. கலக்குவதும் அடிப்பதும்

முகக்கவசம், கையுறை இல்லாமல் தூள் டப்பாவைத் திறக்க வேண்டாம். பாலியுரிதேனை இறுக வைக்க இரண்டாவது டப்பாவில் வரும் ஹார்டனரின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. ஆஸ்துமா இருப்பவர் இந்த வேலைக்கு வரவே கூடாது.

மரக்குச்சியால் கையால் கலக்குங்கள். டிரில்லில் இரும்புக் கலக்கியை மாட்டிச் சுற்றினால் இரண்டு கெடுதல். தூள் இரும்பையே அராவும் அளவுக்குக் கடினம், அதனால் கலவை சாம்பல் நிறமாகும். துகளும் நொறுங்கி ஒளி குறையும்.

பைண்டரையும் ஹார்டனரையும் முதலில் கலந்து, பிறகு தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஒரு முறைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம், அது இறுகுவதற்குள் முடிக்க வேண்டும். தூள் தண்ணீரைப்போல மூன்றரை மடங்கு கனம். இரண்டு நிமிடம் விட்டால் அடியில் உட்கார்ந்துவிடும். ஒருவர் அடிக்கும்போது இன்னொருவர் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதை மறந்தால் மேல் படிகளில் வெறும் வார்னிஷும் கடைசிப் படிகளில் எல்லாத் தூளுமாக முடியும். ராத்திரிதான் அது தெரியவரும்.

மாஸ்கிங் டேப் ஒட்டி, மென்மையான பிரஷ்ஷால், நாலு பூச்சு. ஒரே பூச்சில் கனமாக வழித்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக நிற்கும். பூச்சுக்குப் பூச்சு விட வேண்டிய நேரத்தை டப்பாவில் பாருங்கள், அப்புறம் இரண்டாகப் பெருக்குங்கள். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வெள்ளைக் குவார்ட்ஸ் மணலை மெல்லத் தூவுங்கள். பெயின்ட் அடித்த கல், மழையில் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். வழுக்கி விழுந்தபின் கோடு தெரிந்து என்ன பயன். சாதா ஆற்று மணல் வேண்டாம், கறுப்பாக இருக்கும்.

டேப்பைக் கடைசிப் பூச்சு முழுவதும் காய்வதற்குள் உரியுங்கள். பிரஷ் கழுவிய தின்னரை ஓடையில் ஊற்றாதீர்கள். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழ் ஊர் குடிக்கிறது. பழைய டப்பாவில் மூடி வையுங்கள், தூள் அடியில் தங்கியதும் மேல் தின்னரை மறுபடி கழுவப் பயன்படுத்தலாம்.

13. மேல்பூச்சு

மாதிரிப் பலகையில் தேறிய கிளியர், இரண்டு மெல்லிய கோட். பக்க விளிம்புகளில் அரை செ.மீ. தாண்டி வழிய விடுங்கள், தண்ணீர் உள்ளே நுழைவது ஓரத்தில்தான். மூன்று நாள் பாதையை மூட வேண்டும். கயிறு கட்டினால் மக்கள் தாண்டி வருவார்கள், ஆடு நிச்சயம் வரும். படியைப் பாதி அகலமாகப் பிரித்து ஒரு பக்கம் முடித்தபின் மறுபக்கம் செய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

14. முதல் ராத்திரி

ஊரைக் கூட்டிக் காட்டும் ஆசை வரும். ஒரு வாரம் பொறுங்கள். பாலியுரிதேன் குளிரில் முழுமையாக இறுக அவ்வளவு நாள் பிடிக்கும்.

காட்டும்போது, டிவி வெளிச்சத்திலிருந்து நேராக வெளியே வருகிறவருக்குக் கோடு தெரியாது. போன் திரையைப் பார்த்தபடி நடப்பவருக்கும் தெரியாது. பத்து நிமிடமாவது வாசலில் நிற்கச் சொல்லுங்கள். விடியற்காலை 5 மணிக்கும் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் பாதையின் உண்மையான மதிப்பெண் அந்த நேரத்தில்தான். முழுநிலவில் கோடு மங்கலாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம், நிலவு அதைவிடப் பிரகாசம்.

15. பராமரிப்பு

மாதம் ஒருமுறை தேங்காய் நார், லேசான சோப்பு. தேயிலைத் தோட்டத்துச் செம்மண் படிந்தால் பெயின்டுக்கு வெளிச்சம் எட்டாது. பாதி "கெட்டுப்போன" பாதைகள் வெறும் அழுக்குதான். ஆசிடோ பாசி நீக்கும் காட்டமான மருந்தோ வேண்டாம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் விரிசல், உரிந்த ஓரம் பார்த்து மேல்பூச்சு மட்டும் ஒரு கோட் போடுங்கள். தூள் தெரிகிற அளவு தேய்ந்தபின் கிளியர் அடித்துப் பயனில்லை, அந்தக் கோட்டைச் சுரண்டி முதலிலிருந்து செய்ய வேண்டும். மிஞ்சிய தூளைக் காற்றுப் புகாத டப்பாவில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அல்ல, உலர்ந்த அலமாரியில் வையுங்கள்.

16. விளக்கை எப்போது அணைப்பது

மின்சாரம் மிச்சமாவது இங்கேதான், பெயின்டில் அல்ல. 20 வாட் எல்இடி தெருவிளக்கு ஒன்று இரவில் 12 மணி நேரம் எரிந்தால் வருடத்துக்குச் சுமார் 88 யூனிட். எங்கள் பாதையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இருந்தன, நடுவில் எதுவும் இல்லை. அந்த இரண்டையும் கழற்றச் சொல்லவில்லை. பெயின்ட் அடித்து ஒரு மழைக்காலம் தாண்டியபின், ஊராட்சியில் கேட்டு டைமர் வைத்தோம்: 10 மணிக்கு அணைந்து 4.30 மணிக்கு எரியும். பெயின்ட் மங்கிக் கிடக்கும் அந்த விடியற்காலை நேரத்துக்கு விளக்கு, ஆள் நடமாட்டம் குறைந்த நடுராத்திரிக்குப் பெயின்ட்.

நடுவில் புதிதாக மூன்று கம்பம் நட வேண்டும் என்று ஊராட்சிக்குப் போட்டிருந்த மனுவையும் திரும்ப வாங்கிக்கொண்டோம். கரடி வரும் வளைவில் மட்டும் ஆள் அசைந்தால் எரியும் சோலார் விளக்கு ஒன்று மாட்டியிருக்கிறது. அது கரடி அசைந்தாலும் எரிகிறது.